கதவைச் சாத்து, குளிர் வருது

என் மகளுக்குப் பொறாமை என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு கட்டியிருந்தோம். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் அவளாகவே தினமும் சொன்னாள். அவள் சொன்னதைத்தான் நாங்கள் பொறாமை என்றோம்.

கனிஷ்காவுக்கு நாலு முடிந்து ஐந்து நடக்கிறது. தம்பி கார்த்திகைக் கடைசியில் பிறந்தான். எடை குறைவு. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ், "கொழந்தையக் கதகதப்பா வெச்சுக்கங்க, குளிர் மட்டும் ஆகவே ஆகாதுங்க" என்றார். பிள்ளை பெற்றுப் போகிற எல்லாரிடமும் சொல்வதுதான். ஆனால் அதை என் வீட்டுக்காரர் காதுபடச் சொல்லியிருக்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் கிருபாசங்கர், கணபதி என்கிற ஏரியாவில் பம்ப் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். கீழே ஒர்க்‌ஷாப், மேலே வீடு. வீட்டில் எது தேவைப்பட்டாலும் கடைக்குப் போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கீழே இறங்கிப் போவார், கொஞ்ச நேரம் கிரைண்டர் சத்தம் கேட்கும், பொறி பறக்கும், ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேலே வருவார். எங்கள் வீட்டுக் கொடிக்கம்பி போர்வெல் பைப்பில் தொங்குகிறது. சாமி அறையில் விளக்கு நிற்பது, பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற பழைய இம்பெல்லர் ஒன்றின் மேல். கட்டிக்கொண்டு வந்த புதிதில் சிரித்தேன், பிறகு சண்டை போட்டேன், பிறகு விட்டுவிட்டேன்.

இந்த மார்கழி வழக்கமான மார்கழியாக இல்லை. ஒரு வாரமாக வெயிலே இல்லாமல் மூடாக்கு. மருதமலைப் பக்கம் பார்த்தால் மலை இருந்த இடத்தில் வெள்ளையாக எதுவோ நின்றது. துணி காயவில்லை. தரையில் கால் வைத்தால் சில்லென்று ஏறியது. தம்பியோ முக்கால்வாசி நேரம் அழுதான். குளிரில்தான் அழுகிறான் என்று அவர் சொன்னார். பசியில் அழுகிறான் என்று நான் சொன்னேன். அவர் கீழே இறங்கிப் போனார். எனக்கு அப்போதே தெரியும், மேலே ஏதோ வரப்போகிறது என்று.

வந்தது ஒரு கணப்பு. எரிந்துபோன மோட்டார் ஒன்றின் பாடியை எடுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, அடியில் மூன்று கால், சாம்பல் விழ ஒரு தட்டு, தூக்கிப் போக மரப்பிடி எல்லாம் வைத்து அருமையாகச் செய்திருந்தார். பெயின்ட் கூட அடிக்கவில்லை. "பெயின்ட் வாசம் கொழந்தைக்கு ஆகாது பாரு" என்றார். அந்த மனுசர் எதைத்தான் யோசிக்கவில்லை!

"இந்த வரிவரியா இருக்குதில்ல நித்யா, இது எதுக்குங்கற? மோட்டார் சூட்டை வெளிய தள்ளறதுக்கு. உள்ள கரியப் போட்டா அதே மாதிரி சூட்டை ரூமுக்குத் தள்ளும். சும்மா ஜம்முனு இருக்கும்."

குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டியதும் கரியில் சாம்பிராணி போட்டுத் தலைக்குப் புகை காட்டுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஒரு நிமிடம் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போய் வெளியே வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக் கணப்பு வெளியே போகவில்லை. அது மோட்டார் பாடி, சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. குளிப்பாட்டும் நேரத்துக்கு உள்ளே வந்தால் சாயங்காலம் வரை மூலையில் கிடந்து கனன்றது.

கரியும் சாதாரணக் கரி இல்லை. தொண்டாமுத்தூரில் தோப்பு வைத்திருக்கும் சரவணன் என்ற சிநேகிதரிடம் சொல்லி, கொட்டாங்குச்சிக் கரி மூட்டையாக வரவழைத்தார். மொட்டை மாடியில் பற்றவைத்து, புகை அடங்கும்வரை காத்திருந்து, நெருப்பு செக்கச்செவேலென்று ஆன பிறகுதான் அறைக்குள் கொண்டுவருவார். "புகைதான கெடுதல்? இதுல பாரு, பொட்டுப் புகை இருக்குதா?" உண்மையிலேயே இல்லை.

அந்தக் கணப்பு வந்த நாளிலிருந்து தம்பி அழவில்லை. எனக்கு அது எப்பேர்ப்பட்ட நிம்மதி என்று பிள்ளை பெற்றவர்களுக்குத்தான் தெரியும். படுக்கவைத்தால் தூங்கினான். பாலுக்கு எழுப்பினால் கூட இரண்டு வாய் குடித்துவிட்டுத் தூங்கினான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "சமத்துப் பையனுங்க, சத்தமே இல்லீங்க" என்று பீற்றிக்கொண்டேன். எனக்குத்தான் தலை கனத்தது. மத்தியானத்தில் கண்ணைத் திறக்கவே முடியாது. பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கம் கெட்ட உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டேன்.

கனிஷ்காவுக்கு அரைப் பரீட்சை லீவு. நாள் முழுக்க வீட்டில். அவள்தான் ஆரம்பித்தாள்.

"ம்மா, தலை நோவுதும்மா."

முதல் நாள் தைலம் தேய்த்துவிட்டேன். அடுத்த நாளும் அதே பேச்சு. அதற்கடுத்த நாள் குடித்த பாலை என் மெத்தைமேலேயே வாந்தி எடுத்தாள். அப்புறம் ஜன்னலைத் திறக்க ஆரம்பித்தாள். நான் கண்ணசந்தால் போதும், நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறிக் கொக்கியை எடுத்துவிடுவாள். குளிர்காற்று குழந்தைமேல் நேராக அடிக்கும். "கதவைச் சாத்து, குளிர் வருது! ஜன்னலைச் சாத்து, குளிர் வருது!" என் வாயில் அந்த லீவு முழுக்க வேறு வார்த்தையே கிடையாது. ஜன்னலை விட்டால் அறையோடு சேர்ந்த பாத்ரூம். பொம்மை, குடம், சொப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் அந்த ஈரத்தில் உட்கார்ந்துகொள்வாள். மேலே கண்ணாடிப் பட்டை பட்டையாக வெளிக்காற்றுக்குத் திறந்த வென்டிலேட்டர், கீழே சில்லிட்ட தரை. எனக்கு எரிச்சலாக வரும். சொன்னபடி கதவை மட்டும் மறக்காமல் சாத்திக்கொள்வாள்.

பக்கத்து வீட்டு ஹாரிகாதான் இதற்குப் பெயர் வைத்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். எதற்கும் அவளிடம் ஒரு விளக்கம் இருக்கும்.

"அக்கா, இது பொறாமைங்க. எங்க அக்கா பையன் இப்பிடித்தான் வயித்து வலின்னு உருண்டான். தங்கச்சியத் தூக்கிட்டு வெளிய போனதும் எந்திரிச்சு பிஸ்கட் கேக்கறான். நீங்களே பாருங்களேன், இவ ரூம்ல இருக்கறப்பத்தான தலைவலிங்கறா? எங்கூட்டுக்கு வந்தா என்னா ஆட்டம் போடறா?"

பார்த்தேன். நிஜம்தான். மொட்டை மாடிக்குப் போனால் தலைவலி போய்விடுகிறது. ஹாரிகா வீட்டுக்குப் போனால் போய்விடுகிறது. தம்பி பக்கத்தில் வந்து படுத்தால் திரும்ப வந்துவிடுகிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவர் கூடச் சிரித்தார். "எங்கம்மிணி நல்லா நடிக்கறா" என்று மகளைத் தூக்கிக் கொஞ்சினார். அவள் சிரிக்கவில்லை.

ஜன்னல் விவகாரம் முற்றியபோது அவர் மறுபடியும் கீழே இறங்கிப் போனார். பம்ப் மூடிக்கு நடுவே தண்ணீர் கசியாமல் இருக்க வைப்பார்களே, அந்த ரப்பர் கேஸ்கட் ஷீட்டைச் சுருட்டிக் கொண்டுவந்தார். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி வெட்டி ஒட்டி, ஜன்னலை மூடி, ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டார். அறைக் கதவுக்கு அடியிலும் ஒரு பட்டை. கனிஷ்காவுக்கு எட்டாத உயரத்தில் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். வேலை முடிந்ததும் கதவிடுக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு பொட்டுக் காத்து வராது" என்றார். அவர் செய்த பம்ப் எதுவும் இதுவரை கசிந்ததில்லை.

பாத்ரூம் கதவுக்கு மட்டும் கேஸ்கட் தீர்ந்துபோனது. அப்புறம் போடலாம் என்று விட்டார்.

அன்று சாயங்காலம் கனிஷ்கா திறக்காத ஜன்னலின் முன்னால் நின்று அழுதாள். தலை நோவுது, தலை நோவுது என்று ஒரே பல்லவி. எனக்கும் மண்டை வெடித்துக்கொண்டிருந்தது. அவள் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி, முகத்துக்கு நேராகச் சொன்னேன்:

"இன்னொருக்காத் தலை நோவுதுன்னு சொல்லு, உன்னையக் கொண்டுபோய் ஆஸ்டல்ல போட்டுப்போட்டு வந்துருவேன். அங்க வரிசையாக் கட்டில் போட்டுருக்கும். அம்மாவும் இருக்கமாட்டேன், அப்பாவும் இருக்கமாட்டாரு. தனியாக் கெட."

சட்டென்று அடங்கினாள். அடி கொடுத்தால் கூட அப்படி அடங்கமாட்டாள். பரவாயில்லையே, வேலை செய்கிறதே என்று நினைத்தேன்.

மறுநாள் தூறல். தம்பியைக் குளிப்பாட்டி, புகை காட்டி, மெத்தையில் படுக்கவைத்தேன். பிள்ளை பெற்றதிலிருந்து கட்டில் வேண்டாம் என்று தரையில்தான் மெத்தை. கனிஷ்காவைத் தனியாக விட்டால் ஏங்கிப்போவாள், கூடவே படுக்கவையுங்கள் என்று ஹாரிகா சொல்லியிருந்தாள். அதனால் அவளையும் உள்ளே கூப்பிட்டு, தாழ்ப்பாளைப் போட்டு, என் இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவனுமாகப் படுத்தேன். இரண்டும் என் கைக்குள் இருந்தன. கீழே லேத் ஓடுகிற சத்தம் தரை வழியாக வந்தது. மூலையில் கணப்பு கனன்றது. அவ்வளவு சுகமாக இருந்தது.

எப்போது தூங்கினேன் என்று தெரியாது. நடுவில் யாரோ என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். "ம்மா. ம்மா, எந்திரிம்மா." கையை வீசி ஒரு தட்டுத் தட்டி, "சும்மா படுடி" என்றேன். சொன்னேனா, சொன்னதாக நினைத்துக்கொண்டேனா, தெரியாது. திரும்ப அமிழ்ந்துபோனேன்.

அடுத்த முறை கண் திறந்தபோது, மெத்தை ஓரத்தில் ஏதோ நகர்ந்தது. தம்பி நகர்ந்துகொண்டிருந்தான்.

அவன் படுத்திருந்த பருத்தி விரிப்பின் ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்து, கனிஷ்கா அவனை இழுத்துக்கொண்டு போனாள். இழுப்பாள், விழுவாள், எழுந்து திரும்ப இழுப்பாள். அவன் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. அவன் அழவில்லை. பாத்ரூம் வாசற்படியில் அவன் தலை இடித்தது. அப்போதும் அழவில்லை.

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அவனைக் கொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். உள்ளே பக்கெட் நிறையத் தண்ணீர் இருக்கிறது. நான் பெற்ற பெண், அவனைத் தண்ணீரில் போடப் போகிறாள். "விடுடி அவனை!" என்று கத்தினேன். சத்தம் வரவில்லை. எழுந்தேன். கால் என்னுடையதாக இல்லை. இடுப்புக்குக் கீழே எதுவுமே இல்லாதது போல் அப்படியே குப்புற விழுந்தேன்.

பாத்ரூம் கதவு சாத்திக்கொண்டது.

என்னை நகர்த்தியது பாசம் என்று சொல்ல ஆசைதான். நகர்த்தியது ஆத்திரம். அவளைக் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று நினைத்து நினைத்தே முழங்கையை ஊன்றித் தவழ்ந்தேன். அறை சுற்றியது. கதவு நெருங்குவதும் விலகுவதுமாக இருந்தது. கடைசியில் தலையாலேயே முட்டித் தள்ளினேன், திறந்துகொண்டது.

தண்ணீர் பக்கெட் மூடியபடி மூலையில் இருந்தது. கனிஷ்கா வென்டிலேட்டருக்குக் கீழே சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பி. தன் கவுனைத் தூக்கி அவன்மேல் போர்த்தியிருந்தாள். வெளியே தூறுகிற சாரல் இரண்டு பேர் மேலும் விழுந்துகொண்டிருந்தது.

கைக்கு எட்டியதும் கன்னத்தில் அறைந்தேன்.

அவள் அழவில்லை. என்னைத் தாண்டி அறையையே பார்த்தாள். "கதவச் சாத்தும்மா" என்றாள்.

அப்போது குளிர்ந்த காற்று என் முகத்தில் அடித்தது. இரண்டு மூச்சு இழுத்திருப்பேன். வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. வாந்தி எடுத்து முடித்து நிமிர்ந்தபோது, மண்டைக்குள் இத்தனை நாளாக அழுத்திக்கொண்டிருந்தது கொஞ்சம் விலகியது. விலகியதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அறையைத் திரும்பிப் பார்த்தேன். மூலையில் கணப்பு சத்தமில்லாமல், புகையில்லாமல், சிவப்பாக இருந்தது. கதவைக் காலால் உதைத்துச் சாத்தினேன்.

அந்த நேரம் தம்பி அழுதான். முதலில் பூனைக்குட்டி மாதிரி, அப்புறம் வீறிட்டு. நானும் வென்டிலேட்டரைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்து மாடியில் நனையும் துணியை எடுக்க வந்த ஹாரிகாவுக்குக் கேட்டிருக்கிறது. அவள் கீழே ஓடியிருக்கிறாள். லேத் சத்தம் நின்றது. பிறகு படிக்கட்டில் தடதடவென்று கால்கள். உள்ளே தாழ்ப்பாள். அவரே போட்ட தாழ்ப்பாள். சம்மட்டியால் அடித்து உடைக்க வேண்டியிருந்தது. அவர் எதைச் செய்தாலும் கெட்டியாகச் செய்வார்.

ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் மாஸ்க் மாட்டினார்கள். தம்பிக்குத் தலையைச் சுற்றிக் கண்ணாடிக் கூடு ஒன்று வைத்தார்கள். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். டியூட்டியில் இருந்த டாக்டர் ரம்ஷா சின்னப் பெண்தான், ஆனால் படபடப்பே இல்லை.

"வீட்டுக்குள்ள ஏதாவது எரிச்சீங்களா?"

"கரிதாங்க டாக்டர்" என்றார் அவர். "நல்ல கொட்டாங்குச்சிக் கரிங்க. பொட்டுப் புகை வராதுங்க." அந்த நிமிடத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது, பாவம்.

"புகை வந்திருந்தாத் தப்பிச்சிருப்பீங்க. இருமி எந்திரிச்சு வெளிய ஓடியிருப்பீங்க. கரி எரியறப்ப வர்ற விஷக்காத்து கண்ணுக்குத் தெரியாது, மணமும் இருக்காது. காத்துப் போக வழி இருந்தாக் கூட ஆபத்து. நீங்க எப்படி வெச்சிருந்தீங்க?"

அவர் தன் கையைப் பார்த்தார். விரலில் கேஸ்கட் ஒட்டிய பசை இன்னும் கருப்பாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபப்படுகிற தகுதியை நான் பாத்ரூமிலேயே, அவள் கன்னத்தில் கொடுத்த அந்த ஓர் அறையோடு விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"கொழந்தை அழறான், அது நல்லது. இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா..." டாக்டர் தம்பியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "கொஞ்ச நாளா யாருக்காவது தலைவலி, வாந்தி, அசதி இருந்துச்சா? யாரும் எதுவும் சொல்லலையா?"

நான் வாய் திறப்பதற்குள் டாக்டர் கனிஷ்காவிடம் குனிந்துவிட்டார். "உங்களுக்குத் தலை வலிக்குதா கண்ணு?"

கனிஷ்கா டாக்டரைப் பார்க்கவில்லை. மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்ணும் என்னைத்தான் பார்த்தன.

"இல்லீங்க" என்றாள்.

"கொஞ்சங்கூட?"

"இல்லவே இல்லீங்க."

ரத்தப் பரிசோதனை வந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், கனிஷ்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாப்பாவுக்கும் உங்களுக்கு மாதிரியே ஏறியிருக்கு. இவ்வளவு ஏறினா மண்டை பிளக்கும். ஏன் வலிக்கலைங்கறா?" என்று என்னிடமே கேட்டார்.

நான் என் மாஸ்க்கைக் கழற்றினேன். நர்ஸ் வேண்டாம் என்றதைக் கேட்காமல் கட்டிலை விட்டு இறங்கி அவளிடம் போனேன். கன்னத்தில் என் விரல்கள் பதிந்த தடம் அப்படியே இருந்தது.

"சொல்லு கண்ணு, நோவுதில்ல? அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன் தங்கம். நோவுதுன்னு சொல்லு."

அவள் தலையை மெல்லத் திருப்பி அந்த வார்டைப் பார்த்தாள். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை, வரிசையாகக் கட்டில் போட்டிருந்தது. அவள் உதடு பிதுங்கியது. அன்று முழுக்க அழாதவள், அறைந்தபோது கூட அழாதவள், அப்போதுதான் அழுதாள்.

"இதுதான் ஆஸ்டலாம்மா? நான் இன்னைக்குச் சொல்லவே இல்லையேம்மா."